பெரட்டுக்கு வராதவரின் பேர்

1

எங்கள் பஸ் டிப்போவில் என் பெயர் முத்து. உண்மையில் அது என் அப்பாவின் பெயர்.

நம் வழக்கப்படி பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால், என் பெயர் பின்னால்: முத்தையா சந்திரசேகர். இங்கிலாந்துக்காரர்களுக்கு முன்னால் நிற்பதுதான் ஆள், பின்னால் வருவது குடும்பம். ஆகவே வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் வரி அலுவலகத்திலும் நான் முத்தையா. வந்த புதிதில் இதைத் திருத்திவிடலாம் என்று ஓர் அலுவலகத்துக்குப் போனேன். பெயரை மாற்றியதற்கு அத்தாட்சி கொண்டு வாருங்கள் என்றார்கள். நான் மாற்றவில்லையே, பிறந்ததிலிருந்து இதுதானே என்றேன். அப்படியானால் மாற்ற என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் மரியாதையாகத்தான் கேட்டாள். அதோடு விட்டுவிட்டேன்.

காலையில் டிப்போவுக்குள் நுழைந்ததும் ஒரு சின்ன ஜன்னலுக்கு முன்னால் போய் நிற்கவேண்டும். உள்ளே இருப்பவர் "முத்து" என்பார். நான் "யெஸ்" என்பேன். அவர் அடையாளம் போட்டுக்கொண்டு அன்றைக்கு எந்த பஸ், எந்தப் பாதை என்று சொல்லுவார். கொஞ்சம் பிந்தினாலும் என் பஸ் இன்னொருவர் கைக்குப் போய்விடும். மற்ற புதிய ஓட்டுநர்கள் இதற்குச் சிடுசிடுத்தார்கள். எனக்கு முதல் நாளே பழகிய இடத்துக்கு வந்த மாதிரி இருந்தது. எங்கள் தோட்டத்தில் இதைத்தான் பெரட்டு என்போம்.

இலங்கையின் மலைநாட்டுக்கு வெளியே வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் விடிந்ததும் தொழிலாளர்கள் எல்லோரும் ஓர் இடத்தில் கூடி நிற்பார்கள். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு, இன்ன மலைக்கு இன்னார் என்று வேலை பிரிப்பார். அதுதான் பெரட்டு. அங்கே 'பேர்' என்ற சொல்லுக்கு ஆளின் பெயர் என்பதோடு இன்னொரு பொருளும் உண்டு. ஒரு நாள் வேலையும் அதற்கான சம்பளமும் ஒரு பேர். சாயந்தரம் கொழுந்து நிறுக்கும்போது சொன்ன எடை இருந்தால் பேர் போடுவார்கள். குறைந்தால் அரைப்பேர். காலையில் பெரட்டுக்குப் பிந்தினால் பேர் வெட்டு, வீட்டுக்குத் திரும்பிப் போகவேண்டியதுதான். "இந்த மாசம் ஒனக்கு எத்தனை பேரு?" என்று லயம் என்ற வரிசை வீடுகளில் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வதைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன்.

அப்பா உயிரோடு இருந்த காலத்தில் மழை, காய்ச்சல், மலையில் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையாவின் கோபம் என்று ஏதாவது வந்து அவருடைய பேரைப் பாதியாக்கிவிடும். அவர் காலமாகி வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது இங்கிலாந்தில் நாள் தவறாமல் அவர் பேரைக் கூப்பிடுகிறார்கள், முழுப்பேர் போடுகிறார்கள். இதை அம்மாவிடம் போனில் சொன்னேன். புருஷன் பெயரை வாயால் சொல்லாதவர் அம்மா. "முத்து, முத்துன்னா கூப்புடுறாங்க?" என்று கேட்க வந்து, பாதியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தார். "ஒங்கப்பாவுக்கு இப்பத்தான்டா நல்ல காலம் பொறந்திருக்கு."

2

டிப்போவின் கன்டீனை நடத்துபவர் மிஸ் வெரோனா. அறுபதைத் தாண்டியவர். அவருடைய பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். முரட்டு ஓட்டுநர்கள்கூட அவரை 'மிஸ்' போடாமல் கூப்பிடுவதில்லை. தட்டைக் கழுவும் இடத்தில் வைக்காமல் போனால் வாசல் வரைக்கும் வந்து திருப்பி அழைப்பார்.

இங்கே ஒவ்வொரு அக்டோபரும் கறுப்பின வரலாற்று மாதம். வெரோனா கன்டீன் சுவரில் பழைய படங்களைக் குத்தி வைப்பார். போன அக்டோபரில் அவர் ஸ்டூல் மேல் நின்று படம் குத்திக்கொண்டிருந்தபோது நான் தேநீர்க் கோப்பையோடு கீழே நின்றேன். ஒரு படத்தைக் காட்டி, "இது என் பாட்டியின் அம்மா. அவருடைய ஆட்கள் எல்லோரும் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்கள்" என்றார்.

பிளான்டேஷன் என்ற சொல் காதில் விழுந்ததும் என் வாய் என்னைக் கேட்காமலே பேசிவிட்டது.

"எந்தத் தோட்டம்? மேல் டிவிஷனா, கீழ் டிவிஷனா?"

மலைநாட்டுக்காரர் இருவர் எங்கே சந்தித்தாலும், கொழும்பு பஸ்ஸிலோ லண்டன் விமான நிலையத்திலோ, முதலில் கேட்டுக்கொள்வது இதுதான். எந்தத் தோட்டம் நீங்க, மேக்கணக்கா கீழ்க்கணக்கா. அடிமைத்தனத்தைப் பற்றிப் பேசும் ஒரு பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது? கேட்டு முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

வெரோனா ஸ்டூலை விட்டு இறங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அடிமை என்று நான் சொன்னதும் எல்லோரும் 'ஓ, ஐ ஆம் சாரி' என்பார்கள். எந்தத் தோட்டம் என்று யாரும் கேட்டதில்லை."

பிறகு அந்தத் தோட்டத்தின் பெயரைச் சொன்னார். கரும்புத் தோட்டமாம். நடுவில் ஒரு குன்று, இரண்டு பக்கமும் குடிசைகள் இருந்திருக்கின்றன. "எந்தப் பக்கத்துக் குடிசை என்று தெரியாது. தெரிந்தால் நன்றாக இருக்கும்" என்றார். அப்புறம், "உன்னுடையது எந்தத் தோட்டம்?" என்று திருப்பிக் கேட்டார்.

"நோர்வூட் பக்கம்."

"அது லண்டனில் அல்லவா இருக்கிறது?"

"எங்கள் மலையிலும் இருக்கிறது மிஸ். துரைமார் இங்கிருந்து போகும்போது ஊர்ப் பெயரையும் கையோடு கொண்டுபோய் எங்கள் மலைக்கு வைத்துவிட்டார்கள்."

"ஆட்களுக்கும் வைப்பார்கள்" என்றார் வெரோனா.

அவருடைய குடும்பப் பெயர் ஒரு வெள்ளைக்காரப் பெயர். எத்தனையோ நாள் அவர் சட்டையில் அந்த அட்டையைப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் தோன்றியதில்லை. அது அவருடைய முன்னோரை வைத்திருந்த முதலாளியின் பெயராம். எங்கள் அரைப்பேர் கதையை அவரிடம் சொன்னேன். ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் 'ஹாஃப் நேம்' என்றே சொல்லிவிட்டு, அது சம்பளக் கணக்கு என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் விளக்கத்தைக் கேட்கவில்லை.

"எனக்கும் அரைப்பேர்தான் முத்து. முன்பாதி என் அம்மா வைத்தது. பின்பாதி எங்களை விலைக்கு வாங்கியவன் வைத்தது."

அதற்குமேல் எனக்கு விளக்கத் தோன்றவில்லை. அவர் சொன்னதும் சரியான அர்த்தம்தான்.

அன்றைக்குத்தான் அவருடைய அப்பாவைப் பற்றியும் சொன்னார். அவர் இந்த நகரத்தில் பஸ் கழுவும் வேலை பார்த்தவர். ஜமைக்காவில் லொறி ஓட்டிய மனிதர். ஆனால் அந்தக் காலத்தில் இங்கே கறுப்பர்களை ஓட்டுநர்களாக எடுக்கமாட்டார்கள். கழுவிய பஸ்ஸை உள்ளுக்குள்ளேயே ஓட்டி வரிசையில் நிறுத்தலாம், வாசலைத் தாண்டக் கூடாது. அவரும் அவருடைய கூட்டாளிகளும் வருடக்கணக்காக மனு எழுதி, கூட்டம் போட்டு, வேலையை நிறுத்திவிட்டு வெளியே நின்று அந்த வாசலைத் திறக்கவைத்தார்களாம். திறந்தபோது அவருக்குக் கண் மங்கிவிட்டது. கடைசி வரைக்கும் பஸ் கழுவித்தான் ஓய்வுபெற்றார்.

அடுத்த நாள் காலையில் என் பஸ்ஸை எடுத்துக்கொண்டு அந்த வாசலைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து மெதுவாகப் போனேன். இத்தனை காலமும் என் லைசென்ஸும் என் கெட்டித்தனமும்தான் என்னை இங்கே உட்காரவைத்தன என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு இடம் பிடித்து வைத்தவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்கு என் முகம்கூடத் தெரியாது.

3

மாதக் கடைசியில் கன்டீனில் ஒரு கூடுகை நடக்கும். ஒவ்வொருவராக வந்து தங்கள் முன்னோர் ஒருவரின் பெயரைச் சொல்லி, ஒரு செடித் தொட்டியில் தண்ணீர் ஊற்றுவார்கள். வெரோனா என்னையும் கூப்பிட்டார். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். மகள் கீர்த்தி சாப்பாட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"அப்பா, அது அவங்களோட மாசம். நாம நடுவுல போய் நம்ம கதையச் சொல்லக் கூடாது. ஸ்கூல்ல இதப்பத்தியெல்லாம் பேசியிருக்கோம்."

"அவங்கதான கூப்புட்டாங்க?"

"கூப்புட்டா போயிரணுமா? நம்மள யாரும் வித்தாங்களா?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். அவர்களைச் சந்தையில் நிறுத்திப் பல்லைப் பார்த்து விற்றார்கள். எங்களை ஆசை காட்டி, முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்து, அந்தக் கடனிலேயே கட்டிப்போட்டார்கள். இரண்டும் ஒன்றல்ல. எங்கள் கஷ்டம் எவ்வளவு பெரிதானாலும், அவர்களுடையதற்குப் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்ப்பது அசிங்கம். அதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் பெற்ற பிள்ளை, சொந்த ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், அவர்களைப் பற்றிப் பேசாதே என்று மட்டும் சொல்கிறாளே என்று இருந்தது.

கீர்த்திக்கும் தமிழுக்கும் ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. சின்ன வயதில் அவளைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சேர்த்தோம். ஆசிரியை யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷி, சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுத்தார். ஒருநாள் கீர்த்தி வகுப்பில் "அப்பா வாராங்க" என்று சொல்லியிருக்கிறாள். "அப்படிச் சொல்லக் கூடாது குஞ்சு, அப்பா வாறார் எண்டு சொல்லவேணும்" என்று அவர் அன்பாகத்தான் திருத்தியிருக்கிறார். மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, "அப்ப நாம பேசுறது தமிழ் இல்லையா?" என்று கேட்டாள். நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அவளுக்குப் பற்றவில்லை. மெல்ல மெல்ல அவளுடைய தமிழ் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. வெளியே என்னோடு ஆங்கிலம், உள்ளே வந்ததும் தமிழ், செருப்பைக் கழற்றி வைக்கிற மாதிரி.

அந்த வீட்டுத் தமிழில் ஒரு வேடிக்கை வைத்திருக்கிறோம். சாப்பிடக் கூப்பிட்டும் கீர்த்தி அறையை விட்டு வராவிட்டால், என் மனைவி சாந்தி சமையலறையிலிருந்து சத்தம் போடுவாள். கூடத்தில் இருக்கும் நான், "வாராங்கய்யா!" என்று பதில் கொடுப்பேன். நான் பிந்தினால் எனக்காக கீர்த்தி சொல்லுவாள். பெரியவர்களுக்குச் சொல்லும் மரியாதையை ஒரு சோம்பேறிக்குச் சொல்கிறோம் என்பதுதான் அதில் உள்ள கேலி என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

4

மறுநாள் வெரோனாவிடம் போய், நான் வரவில்லை மிஸ் என்றேன். காரணத்தைக் கேட்டார். மகள் சொன்னதைச் சொன்னேன்.

"உன் மகள் சரியாகத்தான் சொல்கிறாள். எத்தனை வயது? கூட்டி வா, நான் பார்க்கவேண்டும்."

"நீங்கள் சொல்வது விளங்கவில்லை மிஸ்."

"இது எங்கள் மேசை. எங்கள் மேசையில் விருந்தாளிக்கும் நாற்காலி உண்டு. முதலில் நாங்கள் எங்கள் ஆட்களைக் கூப்பிடுவோம். எல்லோரையும் கூப்பிட்டு முடித்த பிறகு, கடைசியில் நீ ஒருவரைக் கூப்பிடு. ஒரே ஒருவர். பிரசங்கம் செய்யாதே."

"அப்படியானால் உங்கள் அப்பாவைக் கூப்பிடுகிறேன். அவர் திறந்த வாசல் வழியாகத்தானே நான் வண்டி ஓட்டுகிறேன்."

அவர் முகம் ஒரு கணம் இளகியது. ஆனால் விடவில்லை. "என் அப்பாவை நான் கூப்பிட்டுக்கொள்வேன். நீ உன் ஆளைக் கூப்பிடு. யாரும் கூப்பிடாமல் இருக்கிற ஆள் ஒருவர் எந்தக் குடும்பத்திலும் இருப்பார்."

அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார்.

தீபாவளிக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் முன்னோருக்குப் படையல் வைப்போம். லயத்துக் காம்பராவில், எங்கள் ஒரே அறையில், சுவரோரம் வரிசையாக இலை. ஒவ்வொருவருக்கும் பிடித்தது வைத்து, அம்மா முறை சொல்லிக் கூப்பிடுவார்: மாமா வாங்க, அத்தை வாங்க, கீர்த்தி தாத்தா வாங்க. வரிசையின் கடைசியில், கதவுக்குப் பக்கத்தில், ஓர் இலை தனியாக இருக்கும். அதில் சோறு இல்லை, வடை இல்லை. ஒரு வெல்லக் கட்டி மட்டும். பக்கத்தில் சொம்பு நிறையத் தண்ணீர். அது வழியில் நின்றவருக்கு.

அவர் என் தாத்தாவுடைய தாத்தாவைப் பெற்ற தாய். இந்தியாவிலிருந்து படகேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மலைக்கு நடந்து வந்த கூட்டத்தில் கைக்குழந்தையோடு வந்தவர். காய்ச்சலோடும் தாகத்தோடும் நடந்து, ஓர் இடத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கூட வந்தவர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். கூட்டம் நிற்க முடியாது. அந்தக் குழந்தையிலிருந்துதான் நாங்கள் எல்லோரும். இறந்தார் என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. வழியில் நின்றவர் என்றுதான் சொல்வோம்.

அவர் இலைக்கு முன்னால் மட்டும் அம்மா ஒன்றும் சொல்லிக் கூப்பிடமாட்டார். சொம்பை இலைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துவிடுவார். அதை நான் எத்தனையோ தீபாவளிக்குப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

5

மதிய இடைவேளையில் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அழைத்தேன். அங்கே விளக்கு வைக்கும் நேரம். மழைச் சத்தம் தகரத்தில் படபடவென்று கேட்டது.

"அம்மா, நம்ம வழியில நின்னவங்க பேரு என்னம்மா?"

"என்னடா கேக்குற? சத்தமாப் பேசு."

"வழியில நின்னவங்களுக்குப் பேரு என்ன?"

"அவங்களுக்கு ஏதுடா பேரு? அவங்கதான் பெரட்டுக்கே வந்து சேரலியே!"

நான் கேட்டது ஒரு பேர், அம்மா சொன்னது இன்னொரு பேர். ஒரு நாள்கூட வேலைக்கு நிற்காத ஆளுக்கு யார் பேர் போடுவார்கள் என்று கேட்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"அந்தப் பேரு இல்லம்மா. கூப்புடுற பேரு."

"கூப்புடுற பேரா?" மழைக்கு அவர் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "அது யாருக்கும் தெரியாதுய்யா. ஒங்க தாத்தாகிட்ட நான் கல்யாணமான புதுசுல கேட்டேன். வந்தவங்க புள்ளையத்தான் தூக்கிட்டு வந்தாங்க, பேரைத் தூக்கிட்டு வரலன்னு சொல்லிட்டாரு. அதுனாலதான் நானும் ஒண்ணும் சொல்லிக் கூப்புடுறது இல்ல. தப்பாச் சொல்லிட்டா வேற யாராச்சும் வந்துருவாங்களே."

"இங்க ஒரு எடத்துல அவங்களக் கூப்புடணும்மா. பேரு வேணும்."

"இங்கிலாந்துலயா? அவங்கள அங்க யாருடா கேக்குறது?" என்றவர், குரலை இறக்கிச் சொன்னார்: "எதையாச்சும் நீயா ஒரு பேரு வச்சுச் சொல்லிறாத சாமி. பாவம். அவங்க பேரு அவங்களுக்குத் தெரியும்."

அன்று சாப்பிடும்போது இந்தப் பேச்சைச் சாந்தியிடம் சொன்னேன். அவளும் ஹட்டன் பக்கத் தோட்டத்தில் பிறந்தவள். பெரட்டுக்கே வரலியே என்றதும் அவளுக்கு உடனே புரிந்துவிட்டது, சிரித்தாள். கீர்த்திக்குப் புரியவில்லை. போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"லேட்டா வந்தா பேரு போயிருமா?"

"வெட்டிருவாங்க" என்றாள் சாந்தி. "எங்கம்மா என் தம்பிய, கைப்புள்ளைகளப் பாத்துக்குற புள்ளக் காம்பராவுல விட்டுட்டு ஓடி வரணும். அது ஒரு பக்கம், பெரட்டு ஒரு பக்கம். கணக்கப்பிள்ளை பேரு கூப்புடும்போது அம்மா வந்து சேந்திருக்காது. பக்கத்துல நிக்கிறவங்க, 'வாராங்கய்யா!'ன்னு சத்தம் குடுப்பாங்க. ஆளு கண்ணுல தெரியலன்னாலும் குடுப்பாங்க. வாராங்கன்னு யாராச்சும் சொல்லிட்டா, கொஞ்சம் பொறுத்துதான் வெட்டுவாங்க. நானே பள்ளிக்கூடம் போற வழியில நின்னு எங்கம்மாவுக்காகச் சொல்லியிருக்கேன்."

"அது ஜோக்குன்னு நெனச்சேன்" என்றாள் கீர்த்தி.

"எங்களுக்கு அது ஜோக் இல்ல."

கீர்த்தி தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நானும் வாரேன். ஆனா பின்னாலதான் நிப்பேன். ஒண்ணும் பேச மாட்டேன்."

6

கன்டீன் மேசைகளை ஓரமாகத் தள்ளி நடுவில் ஒரு பெரிய செடித் தொட்டி வைத்திருந்தார்கள். பக்கத்தில் நாங்கள் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர் குடிக்கிற அதே எவர்சில்வர் ஜக்கு. ஓட்டுநர்கள் பலர் சீருடையோடு வந்திருந்தார்கள். சிலருக்கு அடுத்த ஓட்டத்துக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் நின்றார்கள்.

ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் தன் கொள்ளுப்பாட்டியின் பெயரைச் சொன்னார், சந்தையில் துணி விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவராம். இன்னொருவர், பல தடவை தப்பியோடிப் பிடிபட்டு, கடைசித் தடவை பிடிபடாத ஒருவரின் பெயரைச் சொன்னார். அவர் குரலில் அப்படி ஒரு குதூகலம், தப்பியது நேற்று நடந்த மாதிரி. பெயரைச் சொல்லித் தண்ணீர் ஊற்றியதும் எல்லோரும் சேர்ந்து "ஆஷே" என்றார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சொல். அப்படியே ஆகட்டும் என்று பொருளாம்.

வெரோனா தன் அப்பாவைக் கூப்பிட்டார். தண்ணீரை ஊற்றிவிட்டு, ஜன்னல் வழியாக டிப்போ வாசலைப் பார்த்து இன்னொரு தடவை கூப்பிட்டார். "ஆஷே" என்றபோது என் குரல் எல்லோரையும் விடச் சத்தமாக வந்தது. எனக்கு வெட்கமாக இல்லை.

பிறகு அவர் கடல் நடுவில் போனவர்களுக்காக ஊற்றினார். கப்பலிலிருந்து தூக்கி எறியப்பட்டவர்கள், தாங்களே குதித்தவர்கள், பெயர் தெரியாதவர்கள். அதற்கு யாராலும் பலமாக "ஆஷே" சொல்ல முடியவில்லை. சும்மா உதடுதான் அசைந்தது.

எல்லாம் முடிந்த பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஜக்கை வாங்கிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நின்றேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த ஆங்கில வாக்கியத்தைச் சொன்னேன்: என் தாத்தாவின் தாத்தாவைச் சுமந்து நடந்தவர், வழியில் நின்றவர். அடுத்து பெயரைச் சொல்லவேண்டும். அந்த இடத்தில் என்ன செய்வது என்று நான் யோசித்து வைக்கவில்லை. பெயர் தெரியாது என்று சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். ஆனால் ஜக்கு கையில் இருக்கும்போது வாய் வரவில்லை. அந்தப் பெண் காட்டு வழியில் உட்கார்ந்திருக்கிறார், தாகம், நான் தண்ணீரோடு நிற்கிறேன், எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அம்மாவுக்கு ஒவ்வொரு வருடமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போதுதான் உணர்ந்தேன். எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஜக்குச் சாய்ந்து தண்ணீர் என் கால் சப்பாத்தில் சிந்தியது.

பின்னால், கதவுப் பக்கத்திலிருந்து, ஒரு குரல் வந்தது.

"வாராங்கய்யா!"

சாந்தி சமையலறையிலிருந்து கூப்பிட்டால் வருமே, அதே சத்தம், அதே ராகம். கீர்த்தி அவ்வளவு சத்தமாக வெளியிடத்தில் தமிழ் பேசி நான் கேட்டதே இல்லை. திரும்பிப் பார்த்தேன். முகமெல்லாம் சிவந்துபோய் நிமிர்ந்து நின்றாள். எனக்காகச் சொன்னாளா, அவருக்காகச் சொன்னாளா என்று தெரியவில்லை. இரண்டு பேருமே பெரட்டுக்குப் பிந்தியவர்கள்தானே.

நான் தண்ணீரை ஊற்றினேன். எங்கள் பாஷையில் 'ஆஷே'க்கு அதுதான் சொல் என்று கன்டீன் நினைத்துக்கொண்டது. ஜமைக்காவும் நைஜீரியாவும் போலந்தும் பஞ்சாபும் தங்கள் தங்கள் நாக்கில் அதைப் புரட்டி, "வாரங்கயா" என்று ஒன்றாகச் சொன்னார்கள். அத்தனை பேர் அவருக்காகச் சத்தம் கொடுத்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவில்லை.

7

மேசைகளைத் திரும்ப இழுத்துப் போடும்போது வெரோனா கீர்த்தியிடம் வந்தார்.

"நீ சொன்னதற்கு என்ன அர்த்தம்?"

கீர்த்தி ஆங்கிலத்தில் சொன்னாள், பெரட்டையும், பிந்தி வருபவரையும், பக்கத்தில் நிற்பவரையும். நான் சொல்லியிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. "அவர் வந்துகொண்டிருக்கிறார் ஐயா, என்று அர்த்தம்."

"அந்த ஐயா யார்?"

கீர்த்தி என்னைப் பார்த்தாள். "கணக்கப்பிள்ளை" என்றேன். "பேர் வெட்டுகிறவர்."

வெரோனா கன்டீனை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். "இன்றைக்கு அவர் வந்திருக்கிறாரா?"

"இல்லை மிஸ்."

"அப்படியானால் அவரை விட்டுவிடு."

"வாராங்க" என்று கீர்த்தி சொல்லிப் பார்த்தாள். வெரோனாவும் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். பிறகு ஜக்கில் மிச்சமிருந்த தண்ணீரை எடுத்துப்போய், யாரையும் கூப்பிடாமல், தொட்டியில் ஊற்றி இன்னொரு தரம் சொன்னார். அது யாருக்கு என்று எங்களுக்குத் தெரியும். கடலில் நின்றவர்களுக்கு.

மறுநாள் அம்மாவே அழைத்தார். எப்போதும் நான்தான் அழைப்பேன். நலம் விசாரிக்கவில்லை, மழையைப் பற்றிச் சொல்லவில்லை.

"என்னய்யா, அவங்களுக்குப் பேரு போட்டாங்களா?"

"போட்டாங்கம்மா."

"அரைப்பேரா?"

"முழுப்பேரும்மா."

அம்மா "முழுப்பேரு" என்று தனக்குள் ஒரு தரம் சொல்லிக்கொண்டார்.

"சரி சாமி" என்றார் அம்மா. "தீபாவளிக்கு எலை போடும்போது அவங்ககிட்டச் சொல்லிர்றேன்."